போஸ்டிங் புரோகிராமுக்குள் போர்ட்டலைக் கூப்பிடாதே

அன்பு மகளுக்கு,

சித்தப்பா எழுதுவது. ஏஎஸ்/400-இலிருந்து ஜிஎஸ்டி இ-இன்வாய்ஸ் போர்ட்டலைக் கூப்பிடும் வேலையை உன் தலையில் கட்டிவிட்டார்கள் என்று அண்ணி போனில் சொன்னார். கிழட்டு மெஷின் என்று நீ சலித்துக்கொண்டாயாமே! 1988-இல் ஐபிஎம் வைத்த பெயர்தான் பழசு. ஐபிஎம் ஐ என்று பெயர் மாறிய பிறகு அதற்கு எவ்வளவோ வந்து சேர்ந்துவிட்டது. ஆர்பிஜி புரோகிராமுக்குள் ஒரு எஸ்க்யூஎல் வரி எழுதி, க்யூசிஸ்2-இல் இருக்கும் ஹெச்டிடிபி போஸ்ட் ஃபங்ஷனைக் கூப்பிட்டால் போதும். சிஸ்டூல்ஸில் இருக்கும் பழைய ஃபங்ஷன்கள் ஜாவாவைக் கிளப்பிவிட்டுத்தான் வேலையைத் தொடங்கும், அவற்றை விட்டுவிடு.

முதலில் உன்னைப் படுத்தப்போவது எழுத்துக் குறியீடு. மெஷினில் இருப்பது எப்சிடிக், போர்ட்டலுக்கு வேண்டியது யூடிஎஃப்-8. ஜேசனில் வரும் சதுர அடைப்புக்குறிக்கு 37-ஆம் கோட் பேஜில் ஓர் எண், 273-இல் வேறோர் எண். ஜாபின் எழுத்துக் குறியீட்டைச் சொல்லும் சிசிஎஸ்ஐடி எண் 65535 ஆக இருக்கிறதா என்று பார்த்துவிடு. எதையும் மாற்றாதே என்பதுதான் அந்த எண்ணுக்கு அர்த்தம். போர்ட்டலோடு பாதுகாப்பாகப் பேச வைக்கும் சர்டிபிகேட்டின் காலாவதித் தேதியையும் எங்காவது குறித்து வை.

இதெல்லாம் இரண்டு நாள் தலைவலி. என் கவலை வேறு. பில்லைப் பதியும் புரோகிராமுக்குள்ளேயே போர்ட்டலைக் கூப்பிடத் தோன்றும், கூப்பிடாதே. ரெக்கார்டைப் பூட்டி வைத்துக்கொண்டு வெளியாரின் பதிலுக்குக் காத்திருந்தால், அதே ரெக்கார்டு வேண்டிய எல்லா ஸ்கிரீனும் உன்னோடு சேர்ந்து நிற்கும். மாசக் கடைசியில் இது நடந்தால் அக்கவுன்ட்ஸ்காரர்கள் உன்னைச் சும்மா விடமாட்டார்கள். பில்லை எழுது, கமிட் செய், பில் நம்பரை டேட்டா க்யூவில் போடு. அனுப்புவதைத் தனி ஜாப் ஒன்று பார்த்துக்கொள்ளட்டும்.

அந்த ஜாபுக்கு மூன்று நிலைகள் வேண்டும்: போயிற்று, திரும்பிவிட்டது, தெரியவில்லை. மூன்றாவதைப் பலர் வைப்பதே இல்லை. டைம்அவுட் வந்ததும் பில் போகவில்லை என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். போய்ச் சேர்ந்து, பதில் மட்டும் வழியில் விழுந்திருக்கலாம். அப்போது புது நம்பர் போட்டு மறுபடி அனுப்பினால் ஒரே விற்பனைக்கு இரண்டு ஐஆர்என், அதாவது போர்ட்டலில் பில்லுக்கு உள்ள அடையாள எண், விழுந்துவிடும். ஜிஎஸ்டிஆர்-1 ரிட்டர்னிலும் அது இரண்டு விற்பனையாகப் போய் உட்காரும். போர்ட்டலில் ரத்து செய்ய 24 மணி நேரம்தான் அவகாசம்.

நல்லவேளையாக, 64 எழுத்து நீளமுள்ள அந்த ஐஆர்என் கணக்கிடப்படுவது விற்பவரின் ஜிஎஸ்டிஐஎன், நிதியாண்டு, ஆவண வகை, பில் நம்பர் ஆகியவற்றிலிருந்தே. அதே பில்லை அதே நம்பரில் திரும்ப அனுப்பினால் போர்ட்டல் டூப்ளிகேட் என்று சொல்லும். அதை எரர் லிஸ்டில் தள்ளாதே. முதல் தடவையே போய்விட்டது என்பதற்கு அதுதான் அத்தாட்சி. ஐஆர்என்னை வாங்கிப் பதிந்துகொள். எல்லா சர்வீஸும் இவ்வளவு தயவு காட்டாது. நாளைக்கு பேங்க் பேமென்ட்டை இணைக்கச் சொன்னால், ஒவ்வொரு கோரிக்கைக்கும் உன் பக்கத்திலிருந்தே ஒரு தனி எண் கொடுக்க வழி இருக்கிறதா என்று முதலில் கேள்.

அனுப்பியதையும் வந்ததையும் அப்படியே ஒரு ஃபைலில் சேர்த்து வை. லைவுக்குப் போகும் முன் சாண்ட்பாக்ஸில் ஒரு பில்லை அனுப்பி, பதில் வருவதற்குள் அந்த ஜாபை நீயே கொன்றுவிடு. பிறகு அந்த பில் எந்த நிலையில் நிற்கிறது என்று பார்த்து எனக்கு எழுது.

அன்புடன்,
சித்தப்பா