மாதம் ஒருமுறைக்காக ஒரு விண்டோஸா?

கேள்வி: என் கணினியில் உபுண்டு லினக்ஸ்தான். கணக்கு வேலைக்கான பழைய விண்டோஸ் மென்பொருள் ஒன்று மாதம் ஒருமுறை தேவைப்படுகிறது. அதற்காக விண்டோஸையும் கூடவே போட வேண்டுமா?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: அவசரப்பட்டு ஹார்டு டிஸ்க்கைக் கூறு போடாதீர்கள். முதலில் 'வைன்' போட்டுப் பாருங்கள். 1993-இல் தொடங்கிய இலவசத் திட்டம் இது. ஃபைலைத் திற, திரையில் வரை என்று விண்டோஸிடம் மென்பொருள் கேட்பதையெல்லாம் லினக்ஸுக்குப் புரியும்படி மாற்றிக் கொடுக்கும். விண்டோஸ் உரிமம் வாங்க வேண்டியதில்லை. ஒருமுறை ஓட்டிவிட்டு, ஹோம் ஃபோல்டரில் கன்ட்ரோல்-ஹெச் அழுத்துங்கள். '.வைன்' என்ற மறைந்த ஃபோல்டர் தெரியும்; மென்பொருள் நம்பும் 'சி டிரைவ்' அதற்குள்தான் இருக்கிறது. பேக்கப் எடுக்க அந்த ஃபோல்டரை நகலெடுத்து வைக்கலாம். ஒரு எச்சரிக்கை: விண்டோஸ் வைரஸும் வைனில் ஓடக்கூடும். கண்ட இடத்தில் இறக்கியதைத் திறக்காதீர்கள்.

மென்பொருளுக்கு யுஎஸ்பி டாங்கிள் வேண்டும் என்றால் வைன் பெரும்பாலும் கைவிட்டுவிடும். அப்போது 'விர்ச்சுவல்பாக்ஸ்' நிறுவி, அதற்குள் விண்டோஸை ஓட்டுங்கள். இதற்கு விண்டோஸ் உரிமம் தேவை. விண்டோஸ் 11-க்கே குறைந்தது 4 ஜிபி ரேமும் 64 ஜிபி இடமும் வேண்டும் என்பதால், கணினியில் 8 ஜிபி ரேமாவது இருந்தால்தான் சரிப்படும். டாங்கிள் தெரியவில்லையா? உங்கள் பயனர் கணக்கை 'விபாக்ஸ்யூசர்ஸ்' குழுவில் சேர்த்துவிட்டு, கணினியை ஒருமுறை ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

இரண்டு இயங்குதளங்களை அருகருகே நிறுவுவது தினமும் விண்டோஸ் தேவைப்படுபவர்களுக்கு. உங்களுக்கு அது வேண்டாத வேலை.