தொப்புள் கொடி ரத்தத்தைச் சேமிக்கணுமா? பணம் கட்டும் முன் இந்தக் கணக்கைப் பாருங்க!



வளைகாப்பு முடிஞ்சு, எட்டாவது மாத செக்கப்புக்குப் போகும்போது பல தம்பதிகளுக்கு ஒரு போன் வரும். "சார், பிரசவத்தப்போ மட்டும்தான் இந்த வாய்ப்பு. தவறவிட்டா திரும்பக் கிடைக்காது. குழந்தைக்கு இது வாழ்நாள் இன்ஷூரன்ஸ்!" என்பார்கள். குழந்தை விஷயம் என்பதால் நாமும் கணக்குப் பார்க்காம கையெழுத்துப் போட்டுடுவோம். ஆனா இது உண்மையிலேயே இன்ஷூரன்ஸ்தானா? வாங்க பார்க்கலாம்.

எதைச் சேமிக்கிறாங்க?

குழந்தை பிறந்ததும் தொப்புள் கொடியிலும் நஞ்சுக்கொடியிலும் கொஞ்சம் ரத்தம் மீதம் இருக்கும். அதில் புது ரத்த அணுக்களை உருவாக்கும் ஸ்டெம் செல்கள் இருக்கு. அதைப் பிரித்து, மைனஸ் 196 டிகிரி குளிருள்ள திரவ நைட்ரஜனில் வைப்பாங்க.

இது ஏமாற்று வேலை இல்லை. 1988-ல் பாரிஸில் ஃபான்கோனி அனீமியா என்ற பரம்பரை நோய் இருந்த ஒரு சிறுவனுக்கு, அவனுடைய தங்கையின் தொப்புள் கொடி ரத்தத்தை வைத்து முதல் சிகிச்சை நடந்தது. அது வெற்றியும் பெற்றது. இங்கே ஒரு விஷயத்தைக் கவனிங்க: அவனைக் காப்பாற்றியது அவனுடைய ரத்தம் இல்லை, தங்கையின் ரத்தம்!

சொந்த ரத்தம் ஏன் பெரும்பாலும் உதவாது?

தலசீமியா மாதிரி மரபணு நோய் வந்தால், அதே குறை சேமித்து வைத்த ரத்தத்திலும் இருக்கும். குழந்தைப் பருவ ரத்தப் புற்றுநோயிலும், நோயின் ஆரம்ப மாற்றம் பிறக்கும்போதே அந்த ரத்தத்தில் இருக்க வாய்ப்பு உண்டு. அதாவது கெட்டுப்போன மாவை எடுத்து வச்சு, மறுநாள் அதே மாவில் இட்லி ஊத்துற கதைதான்.

சரி, அண்ணன் தம்பிக்கு உதவுமா? உடன்பிறந்தவருக்கு முழுசாப் பொருந்த 4-ல் 1 பங்குதான் வாய்ப்பு. அதோடு ஒரு பையில் கிடைக்கும் செல்களின் அளவு குறைவு. வளர்ந்த ஒருவருக்கு அது போதாமல் போகலாம்.

அதனால்தான் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் (ஐசிஎம்ஆர்) தன் 2017 வழிகாட்டுதலில், குழந்தையின் சொந்த உபயோகத்துக்காகச் சேமிப்பதற்கு அறிவியல் அடிப்படை இல்லை என்று சொல்லியிருக்கு. தொப்புள் கொடித் திசு, பல் போன்றவற்றை வணிக ரீதியில் சேமிக்கவும் அதில் அனுமதி இல்லை. "காம்போ பேக்கேஜ்" என்று யாராவது சொன்னா உஷாரா இருங்க.

இப்போ பணக் கணக்கு

பேக்கேஜ் விலை ₹60,000 என்று வச்சுக்குவோம். அதே தொகையை 21 வருஷம் வேறு இடத்தில் போட்டால்:

- ஆண்டுக்கு 7% வட்டி: சுமார் ₹2.48 லட்சம்
- பெண் குழந்தைக்குச் செல்வமகள் திட்டம், 8.2% மாறாமல் இருந்தால்: சுமார் ₹3.14 லட்சம் (15 வருஷம் வரை ஆண்டுக்குக் குறைந்தது ₹250 கட்டணும்)
- மியூச்சுவல் ஃபண்டில் 12% கிடைத்தால்: சுமார் ₹6.48 லட்சம் (இதற்கு உத்தரவாதம் கிடையாது)

இன்ஷூரன்ஸ் என்றால், பாலிசியில் அடங்கும் எந்த நோய் வந்தாலும் ஆஸ்பத்திரி பில்லுக்குப் பணம் வரணும். இங்கே உங்களிடம் இருப்பது ஒரு ரத்தப் பை மட்டும். மாற்று சிகிச்சைக்கு ஆகும் பல லட்சத்தை யார் தருவாங்க என்பது தனிக் கேள்வி.

சேமிப்பிலும் ரிஸ்க் உண்டு. 2023 நவம்பரில் சிங்கப்பூரில் கார்ட்லைஃப் நிறுவனத்தின் 22 தொட்டிகளில் 7-ல் வெப்பநிலை சரியாகப் பராமரிக்கப்படவில்லை என்று அந்நாட்டு சுகாதார அமைச்சகம் அறிவித்தது. அப்போதைய அறிவிப்பின்படி சுமார் 2,200 ரத்தப் பைகள் வீணாகின.

யார் சேமிக்கலாம்?

மூத்த குழந்தைக்கோ நெருங்கிய குடும்பத்தினருக்கோ தலசீமியா போன்ற, ஸ்டெம் செல்லால் குணப்படுத்தக்கூடிய நோய் ஏற்கெனவே இருந்தால் இது நல்ல முடிவாக இருக்கலாம். ரத்த நோய் நிபுணரிடம் கேட்டு முடிவு பண்ணுங்க.

கையெழுத்துக்கு முன் 5 கேள்விகள்

1. சொன்ன விலையில் ஜிஎஸ்டி சேர்ந்திருக்கா? 2022 ஜூலை 18 முதல் இந்தச் சேவைக்கு இருந்த வரிவிலக்கு எடுக்கப்பட்டது.
2. ஈஎம்ஐ என்றால் வட்டியோடு மொத்தம் எவ்வளவு?
3. எடுத்த ரத்தத்தில் செல்கள் போதாவிட்டால் பணம் திரும்ப வருமா?
4. நிறுவனம் மூடப்பட்டால் பை யார் பொறுப்பு?
5. "மற்றவர்கள் சேமித்ததையும் நீங்க பயன்படுத்தலாம்" என்றால், உங்க பையை மற்றவருக்குக் கொடுக்க நீங்க சம்மதிக்கிறீங்களா?

டாக்டரிடமும் ஒன்று கேளுங்க. கொடியை வெட்டுவதற்கு முன் குறைந்தது ஒரு நிமிஷம் காத்திருக்கச் சொல்லுது உலக சுகாதார நிறுவனம். அந்த நேரத்தில் குழந்தைக்குப் போகும் ரத்தம் இரும்புச்சத்தைக் கூட்டும். அதிக ரத்தம் சேகரிக்கணும் என்பதற்காக அதைக் குறைக்க விடாதீங்க.

அப்போ என்ன செய்யலாம்?

முதலில் ஃபேமிலி ஃப்ளோட்டர் பாலிசியில் குழந்தையைச் சேருங்க. பல பாலிசிகளில் 90 நாள் ஆனதும் சேர்க்கலாம். அடுத்து 6 மாதச் செலவுக்கு அவசர நிதி. அப்பா அம்மா இருவரில் சம்பாதிப்பவர் பேரில் டேர்ம் இன்ஷூரன்ஸ். இந்த மூணும் முடிஞ்சு, அதுக்கு மேலயும் பணம் இருந்து, திரும்ப வராது என்று தெரிஞ்சே கட்டினா அது உங்க விருப்பம். ஆனா பயத்தில் கட்டாதீங்க, கடன் வாங்கிக் கட்டவே கட்டாதீங்க.

கட்டலையேன்னு குற்ற உணர்ச்சியும் வேண்டாம். குழந்தைக்கு நீங்க எந்தக் குறையும் வைக்கலை.