துருவைப் பாருங்கள், பிறகு என்ஜினை

பழைய ஜப்பானிய கூபே ஒன்றை வாங்கிப் பாதுகாக்க ஆசைப்படுகிறவர்கள் கடைசியில் வந்து நிற்பது பெரும்பாலும் இரண்டு வண்டிகளிடம்தான்: டாட்சன் 240இசட், முதல் தலைமுறை மாஸ்டா ஆர்எக்ஸ்-7. கலிஃபோர்னியாவில் இரண்டையும் வைத்து ஓட்டியிருக்கிறேன். நண்பர்களுக்கும் பார்த்துக் கொடுத்திருக்கிறேன். ஆர்எக்ஸ்-7 என்றாலே ரோட்டரி என்ஜினை நினைத்துப் பயப்படுகிறார்கள். இரண்டிலுமே பயப்பட வேண்டியது துருவுக்குத்தான்.

240இசட் 1970-இல் அமெரிக்காவில் 3,526 டாலருக்கு விற்பனைக்கு வந்தது. அதன் 2.4 லிட்டர், ஆறு சிலிண்டர் என்ஜின் 1971, 1973 கிழக்கு ஆப்பிரிக்க சஃபாரி ராலிகளை வென்றது. ஓடாமல் கிடந்தாலும் பிரித்துக் கோத்துவிடலாம். தகடு அப்படியல்ல. பானெட்டைத் திறந்ததும் நான் முதலில் பார்ப்பது பேட்டரித் தட்டை. பல வருடம் கசிந்த ஆசிட் அதை அரித்து, கீழே ஃபிரேம் ரெயில் வரை இறங்கியிருக்கும். அடுத்து கார்ப்பெட்டைத் தூக்கித் தரைத்தகட்டைக் கட்டைவிரலால் அழுத்துவேன். மெல்லிய துணியில் சுற்றிய காந்தத்தைக் கதவுக்கு அடியிலும் பின்சக்கர வளைவின் முன்பக்கமும் நகர்த்துவேன். பிடிக்காமல் நழுவினால், அங்கே பட்டி பூசிப் பெயிண்ட் அடித்திருக்கிறார்கள்.

தொடக்கக்கால வண்டிகளில் பின்கதவிலேயே காற்றுத் துளைகள் இருக்கும், அவற்றுக்குத்தான் மவுசு. 1973 வண்டியின் கார்புரேட்டர்களைப் பலர் கழற்றிவிட்டு, முந்தைய வகையை மாட்டியிருப்பார்கள். ஓட்டுவதற்கு அது நல்லதுதான். ஆனால் கழற்றியதையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

1978-இல் வந்த ஆர்எக்ஸ்-7இல் இருப்பது 1,146 சிசி, இரட்டை ரோட்டர் என்ஜின். ஒவ்வொரு ரோட்டருக்கும் மூன்று முகங்கள். ஒரு ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, எரிபொருளையும் இக்னிஷனையும் துண்டித்துவிட்டு ஸ்டார்ட்டரைச் சுற்றவிட்டால், அந்த ஓட்டை வழியே காற்று மூன்று மூன்றாகத் துடிக்கும். மூன்றும் ஒரே வலுவில் வந்தால் நிம்மதி. பக்கத்துப் பக்கத்தில் இரண்டு துடிப்புகள் சோர்ந்திருந்தால், ரோட்டரின் முனையில் இருக்கும் அபெக்ஸ் சீல் ஒன்று போயிருக்க வாய்ப்பு அதிகம். அதற்காக வண்டியை விட்டுவிட வேண்டாம். பாடி சுத்தமாக இருந்தால் விலையைக் குறைத்துப் பேசுங்கள். ரோட்டரி தெரிந்த மெக்கானிக்கால் அதைச் சரிசெய்ய முடியும். துருப்பிடித்த பாடிக்கோ செலவு முடிவதே இல்லை.

வாங்கிய பின் இரண்டு பழக்கங்கள் வேண்டும். இந்த என்ஜின் தன் சீல்களுக்காக ஆயிலைத் தானே எரிக்கும். பெட்ரோல் போடும்போதெல்லாம் ஆயில் அளவைப் பாருங்கள். குளிர்ந்த என்ஜினை நாலடி நகர்த்துவதற்காக ஸ்டார்ட் செய்து உடனே அணைக்காதீர்கள். உள்ளே பெட்ரோல் தேங்கி, மறுபடி கிளம்ப மறுக்கும்.

2020-இல் ஒரு 240இசட் 3,10,000 டாலருக்கு ஏலம் போனது. அத்தகைய விலைகளைப் பார்த்து விற்பவர்களின் எதிர்பார்ப்பு ஏறியிருக்கிறது. ஆர்எக்ஸ்-7 அந்த உயரத்துக்குப் போகவில்லை. முதன்முறை வாங்குபவருக்கு நான் சொல்வது அதன் 1984, 85 ஜிஎஸ்எல்-எஸ்இ வகை: பெரிய 13பி என்ஜின், 135 குதிரைத்திறன், கார்புரேட்டர் தொல்லை இல்லை.

கலிஃபோர்னியாக்காரர்கள் இதையும் கணக்கில் வையுங்கள். 1975 வரையிலான மாடல்களுக்கு இங்கே புகைச் சோதனை கிடையாது, 240இசட் தப்பித்தது. ஆர்எக்ஸ்-7க்கு இரண்டு வருடத்துக்கொரு முறை உண்டு. ஆகவே ஏர் பம்ப் முதலான மாசுக்கட்டுப்பாட்டுப் பாகங்கள் எல்லாம் இடத்தில் இருக்கின்றனவா என்று பார்த்து, புதிய சோதனைச் சான்றிதழ் கைக்கு வந்த பிறகே பணத்தைக் கொடுங்கள்.