பிரிவைப் பாடும் கலை

மகிழ்ச்சியைப் பாடுதல் எளிது. துயரத்தைப் பாடுதல் அரிது. மகிழ்ச்சி மிகுந்தால் குரல் மலரும். துயரம் மிகுந்தால் தொண்டை அடைக்கும். அழுகின்றவரால் பாட இயலாது. எனினும், பாடுகின்றவரின் பாட்டைக் கேட்போர் உள்ளம் உருகுதல் வேண்டும். இவ்வருஞ்செயல் எங்ஙனம் நிகழ்கின்றது என்பதைச் சோழ நாட்டு இசை நாடகப் பாடல் ஒன்றைக் கொண்டு ஆராய்வோம்.

அருணாசலக் கவிராயர் 1711ஆம் ஆண்டில் தில்லையாடியில் பிறந்தார்; தருமபுர ஆதீனத்தில் கல்வி பயின்றார். பின்னர்ச் சீர்காழியில் வாழ்ந்தமையால் அவ்வூர்ப் பெயர் அவர் பெயரோடு இணைந்தது. அவர் கம்பர் வழிநின்று இராமகாதையை இசை நாடகமாக இயற்றினார். அதுவே ‘இராம நாடகக் கீர்த்தனை’ ஆகும். அவருடைய மாணாக்கராகிய சட்டநாதபுரம் வேங்கடராமையரும் கோதண்டராமையரும் அப்பாடல்களுக்கு இசையமைக்கத் துணை நின்றனர். அந்நூல் திருவரங்கத்தில் அரங்கேறியது. 1779ஆம் ஆண்டில் மறைந்த கவிராயரை, முத்துத்தாண்டவரோடும் மாரிமுத்தாப் பிள்ளையோடும் சேர்த்துத் ‘தமிழிசை மூவர்’ என நாம் போற்றுகின்றோம்.

அந்நாடகத்துள் உருக்கம் மிகுந்த இடம் ஒன்று உண்டு. பதினான்கு ஆண்டுகள் காடு செல்லத் துணிந்த இராமன், சீதையை அயோத்தியில் இருக்குமாறு கூறுகின்றான். என்னை விட்டுப் பிரிய உமக்கு மனம் எவ்வாறு துணிந்தது என்று அவள் வினவுகின்றாள். அவ்வினாவே பாட்டின் பல்லவி. பாலைத் திணைக்குரிய உரிப்பொருள் பிரிவு என்பதும், அழுகைச் சுவை பிறக்கும் நான்கு நிலைக்களன்களுள் இழவும் ஒன்று என்பதும் தொல்காப்பியத்தால் அறியப்படும். சீதையின் பாட்டில் பிரிவு இன்னும் நிகழவில்லை. வாயிலில் வந்து நிற்கின்றது. இழந்தவர் புலம்புவர், இழக்கப்போகின்றவரோ வாதிடுவர், மன்றாடுவர், சினப்பர். ஆகவே, இப்பாட்டில் துயரத்தோடு மானமும் கலந்திருக்கின்றது.

நாடக மேடையில் இப்பாட்டிற்குத் துணை பல. எதிரே இராமன் நிற்பான். முன்னிகழ்ந்த கதையை அவையோர் கண்டிருப்பர். கச்சேரி மேடையிலோ இவை யாவும் இல்லை. பாடுபவர் ஒருவரே சீதையாகி, காணாத இராமனைக் கேட்போர் முன் நிறுத்த வேண்டும். யார், யாரிடம், எந்நிலையில் கூறுகின்றார் என்பதை உணராது பாடினால், இராகம் நிற்கும், சீதை மறைந்துவிடுவாள்.

இப்பாட்டு இக்காலத்தில் உசேனி இராகத்தில் பாடப்படுகின்றது. நீண்டு இழையும் அசைவுகளை உடைய அவ்விராகம் விரைவை விரும்பாது. பல்லவி, அனுபல்லவிக்குப் பின்னும் சரணத்திற்குப் பின்னும் மீண்டும் வரும். சொல் அதுவே, பொருள் நிலையோ வேறு. முதன்முறை அது வியப்பாக ஒலிக்கலாம்; அடுத்த முறை முறையீடாகலாம்; இறுதியில் விடை கிடையாது எனத் தெரிந்தும் கேட்கும் வினாவாகலாம். வினாச்சொல்லை இடையில் முறித்து மூச்சு வாங்கினால் அவ்வளவும் பாழாகும். ஆதலின், பதம் பிரித்துப் பொருள் உணர்தல் குரற்பயிற்சிக்கும் முற்பட்டதாகும்.

இவ்வுண்மை நம் நாட்டிற்கு மட்டும் உரியதன்று. கவிராயருக்கு மூன்றாண்டு இளையவரான குளுக் என்னும் ஐரோப்பிய இசைப் புலவர், ஆர்பியசு என்னும் பாடகனின் கதையை இசை நாடகமாக்கி, 1762ஆம் ஆண்டில் வியன்னா நகரில் அரங்கேற்றினார். இறந்த மனைவியை ஆர்பியசு மறுவுலகினின்று மீட்டு வருகின்றான். வழியில் அவளைத் திரும்பிப் பார்க்கலாகாது என்பது கட்டளை. அதனை மீறிப் பார்த்து, அவளை மீண்டும் இழக்கின்றான். அப்போது அவன் பாடும் புகழ்பெற்ற பாட்டு, மேனாட்டார் மகிழ்ச்சிக்குரியதாகக் கருதும் சுர வரிசையில் அமைந்துள்ளது. அவ்வரிசை நம் சங்கராபரணத்தை ஒத்தது. துயரம் சுரத்தில் மட்டும் இல்லை, பாடும் முறையிலும் உள்ளது என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

காவிரியில் பெருகும் வெள்ளம் கரையை உடைத்தால் பயிர் அழியும். அதே நீர் மதகின் வழியே அளவாகப் பாய்ந்தால் கதிர் முற்றும். துயரமும் அத்தகையதே. உள்ளத்தில் அது நிறைந்திருத்தல் வேண்டும். குரலிலோ அளவாக வெளிப்படல் வேண்டும். விம்மலும் தழுதழுப்பும் வலிந்து காட்டுபவர், கேட்போர் சிந்த வேண்டிய கண்ணீரைத் தாமே சிந்திவிடுகின்றார்.

கவிராயர் காலத்து மெட்டுகளுள் பல இன்று வழக்கில் இல்லை. நாடகம் முழுவதையும் மேடையில் காண்பதும் அரிதாயிற்று. தனித்தனிப் பாடல்களாகவே அந்நூல் பெரிதும் வாழ்கின்றது. எனவே, ஒரு நாடகம் தாங்கிய சுமையை இன்று ஒரு குரல் தாங்குகின்றது. மாணவர்களே! நீங்கள் அத்தகைய பாட்டைக் கேட்கும்போது குரலின் இனிமையோடு நின்றுவிடாதீர்கள். அதனுள்ளிருந்து வினவுகின்றவளின் சொல்லையும் கேளுங்கள். பொருளுணர்ந்து கேட்போர் உள்ளவரை, பொருளுணர்ந்து பாடுவோரும் இருப்பர்.