எஸ்எம்பிஎஸ் மாற்றப் போகிறீர்களா?

1. பட்டனை அழுத்தியும் கம்ப்யூட்டர் அசையவில்லையா? உடனே, கம்ப்யூட்டருக்கு மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ் மேல் பழியைப் போடாதீர்கள். ஸ்விட்ச் போர்டு, பவர் கார்டு, யுபிஎஸ் மூன்றையும் முதலில் பாருங்கள். பிறகு, வேலை செய்யும் வேறொரு எஸ்எம்பிஎஸ்ஸை மாட்டிக் காட்டும்படி கடைக்காரரிடம் சொல்லுங்கள். தேதியும் நேரமும் மட்டும் மாறிப்போகின்றன என்றால், மதர்போர்டில் உள்ள சிஆர் 2032 பேட்டரியை மாற்றினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

2. அட்டைப் பெட்டியில் கொட்டை எழுத்தில் '450' என்று போட்டிருப்பதை நம்பி வாங்காதீர்கள். எஸ்எம்பிஎஸ் மேலேயே ஒட்டியிருக்கும் அட்டவணையைப் படியுங்கள். பிராசஸரும் கிராபிக்ஸ் கார்டும் 12 வோல்ட் லைனில்தான் ஓடுகின்றன. அந்த லைனுக்கு உரிய ஆம்பியரை 12-ஆல் பெருக்கிப் பாருங்கள். 16 ஆம்பியர் என்றால் வெறும் 192 வாட்தான். மீதியை 3.3, 5 வோல்ட் லைன்களில் காட்டிக் கணக்கை நிரப்பியிருப்பார்கள். இன்றைய கம்ப்யூட்டருக்கு அது அவ்வளவாக உதவாது. தரமான 450 வாட்டில் 12 வோல்ட் மட்டுமே 400-ஐத் தாண்டும். அட்டவணையே இல்லாத சரக்கை, சும்மா கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

3. தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத வீட்டுக் கம்ப்யூட்டருக்குத் தரமான 400, 450 வாட் தாராளம். கார்டு இருந்தால், அதன் தயாரிப்பாளர் சொல்லும் வாட்டைப் பாருங்கள்.

4. '80 பிளஸ்' முத்திரை இருக்கட்டும். எடுக்கும் மின்சாரத்தில் 80 சதவீதமாவது கம்ப்யூட்டருக்குப் போய்ச் சேரும் என்பதற்கான சான்று அது. மிச்சம்தான் சூடாக வீணாகும். அந்த முத்திரையில் வீட்டுக்கு 'பிரான்ஸ்' (வெண்கல) தரம் போதும். கோல்டு என் கணக்கில் ஆடம்பரம்.

5. கழற்றும் முன் செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். 24 பின், பிராசஸருக்கான 4 அல்லது 8 பின், ஹார்டு டிஸ்க்குக்கான சாட்டா எல்லாம் புதியதிலும் வேண்டும். டெல், எச்பி போன்ற பிராண்டட் கம்ப்யூட்டர்கள் பலவற்றில் அளவும் பின்னும் தனி ரகம். பழையதைக் கையோடு கடைக்கு எடுத்துப் போங்கள்.

6. பின்பக்கம் 115/230 என்று சிவப்பு ஸ்விட்ச் இருந்தால், பிளக் செருகும் முன்பே 230-இல் வையுங்கள். மாறியிருந்தால் புதுசும் புகைந்துவிடும்.

7. தனியாகக் கழற்றும் ஒயர் உள்ள மாடல் என்றால் பழைய ஒயரைப் புதியதில் செருகாதீர்கள். பின் வரிசை மாறினால் ஹார்டு டிஸ்க் போய்விடும்.

8. பழைய எஸ்எம்பிஎஸ்ஸைத் திறந்து பார்க்க வேண்டாம். பிளக்கை எடுத்த பிறகும் கெப்பாசிட்டரில் ஷாக் அடிக்கும் அளவுக்கு மின்சாரம் தேங்கியிருக்கலாம்.

9. வாரன்டி எத்தனை வருடம் என்று கேட்டு, சீரியல் நம்பரோடு பில் வாங்குங்கள்.