கடைசிப் பக்கத்து வரி

நுழையும்முன்

நாள்தோறும் செய்தித்தாள் படிக்கிறோம். அச்செய்திக்குப் பொறுப்பேற்பவர் யார், அதனால் இடர் நேர்ந்தால் அது யாரைச் சென்று சேர்கிறது என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை. இதழ்களின் கடைசிப் பக்கத்தில் இடம்பெறும் ஒரு வரியைக் கொண்டு அதனை ஆராய்கிறது இப்பாடம்.

பெயர் என்னும் பிணை

நாளிதழை மடித்து வைக்கும் முன் அதன் கடைசிப் பக்கத்தின் அடிப்பகுதியைப் பாருங்கள். அச்சிட்டு வெளியிடுபவர் இன்னார், அச்சகம் இன்ன இடத்தில் உள்ளது, ஆசிரியர் இன்னார் எனச் சிறிய எழுத்தில் ஒரு வரி காணப்படும். அதனைப் படிப்போர் அரியர். ஆனால் காவலரும் நீதிமன்ற அழைப்பாணையும் தேடி வருவது அவ்வரியில் உள்ள பெயரைத்தான்.

இவ்வழக்கத்திற்கு அடிப்படை, ஆங்கில அரசு 1867ஆம் ஆண்டு இயற்றிய அச்சகம் மற்றும் நூல்கள் பதிவுச் சட்டம். அச்சிடுவோரும் வெளியிடுவோரும் நடுவர் முன் உறுதிமொழி அளித்துத் தம் பெயரைப் பதிய வேண்டும் என்றது அது. விடுதலைக்குப் பின்னரும் நீடித்த அச்சட்டத்தின் இடத்தில் 2023ஆம் ஆண்டுதான் புதிய சட்டம் இயற்றப்பட்டது.

அவ்வரியின் எடையை 1908ஆம் ஆண்டு சென்னை கண்டது. ‘இந்தியா’ வார இதழில் எழுத்துப்பணியை முன்னின்று நடத்தியவர் பாரதியார். கட்டுரைகளாலும் கருத்துப்படங்களாலும் அவ்விதழ் ஆட்சியைச் சாடியது. ஆயினும் அரசின் பதிவேட்டில் இருந்த பெயர் எம். சீனிவாசன் என்பதாகும். அரசெதிர்ப்புக் குற்றச்சாட்டில் கைதான அவருக்கு ஐந்தாண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. பாரதியார் பிரெஞ்சு ஆட்சியின்கீழ் இருந்த புதுச்சேரிக்குச் சென்றார். இதழ் அங்கிருந்து மீண்டும் வெளிவந்தது. பாரதியார் சிறைப்பட்டிருந்தால் தமிழ் இழந்திருக்கக்கூடியது மிகுதி என்பதில் ஐயமில்லை. ஆனால் இந்நிகழ்வைச் சொல்லும்போது புதுச்சேரியை விரிவாகப் பேசும் நாம், சீனிவாசனின் ஐந்தாண்டுகளை அரைத் தொடரில் கடந்துவிடுகிறோம். அது முறையன்று. எழுத்தின் புகழ் ஒருவருக்கும் அதன் தண்டனை வேறொருவருக்கும் சேர்ந்த வரலாறு அது.

சட்டம் தந்த காப்பு

இந்திய அரசியலமைப்பின் 19ஆவது பிரிவில் ‘பத்திரிகை’ என்னும் சொல் இல்லை. பேச்சுரிமை, கருத்துரிமை என்றே உள்ளது. அவ்வுரிமையில் இதழுரிமையும் அடங்கும் என்பதற்கு வலுவூட்டிய முதல் வழக்குகளுள் ஒன்று சென்னையோடு தொடர்புடையது. பம்பாயிலிருந்து ரமேஷ் தாப்பர் வெளியிட்ட ‘கிராஸ் ரோட்ஸ்’ என்னும் ஆங்கில வார இதழ் சென்னை மாகாணத்துக்குள் வருவதற்கு மாகாண அரசு 1950 மார்ச்சில் தடை விதித்தது. அவர் உச்ச நீதிமன்றத்தை நாடினார். நீதிபதி பதஞ்சலி சாஸ்திரி எழுதிய பெரும்பான்மைத் தீர்ப்பு, அதே ஆண்டு மே மாதத்தில் தடையை நீக்கியது. கருத்து வெளியிடும் உரிமையில் அதனைப் பரப்பும் உரிமையும் அடங்கும் என்பது அத்தீர்ப்பின் சாரம். படிப்பவர் கைக்குச் சேராத இதழை அச்சிடும் உரிமையால் என்ன பயன்? அடுத்த ஆண்டே அரசியலமைப்பின் முதல் திருத்தம், பொது ஒழுங்கின் பொருட்டும் இவ்வுரிமைக்கு வரம்பிடலாம் என்றது. எனினும் அவ்வரம்பு நியாயமானதாக இருத்தல் வேண்டும் என்னும் நிபந்தனையையும் சேர்த்தது.

‘நமது நிருபர்’

சட்டத்தின் வழியே வரும் இடரை நீதிமன்றத்தில் எதிர்கொள்ளலாம். வீட்டு வாசலில் காத்திருக்கும் இடரை அவ்வாறு எதிர்கொள்ள இயலாது. கன்னட வார இதழாசிரியர் கௌரி லங்கேஷ் 2017 செப்டம்பர் 5 அன்று பெங்களூருவில் தம் வீட்டின் முன்பே சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் நடத்திய இதழின் பெயரிலேயே அவர் பெயர் இருந்தது.

அவர் பலரும் அறிந்த ஆசிரியர். ஆதலால் நாடு முழுவதும் குரல் எழுந்தது. பெயரே அச்சாகாதவர்களின் நிலை வேறு. வட்டத் தலைநகரங்களிலும் சிற்றூர்களிலும் செய்தி திரட்டுவோருள் பலருக்குப் பணி நியமன ஆணை கிடையாது. அச்சான செய்திக்கு இவ்வளவு எனக் கூலி பெறுவோரும் உண்டு. உழைக்கும் இதழாளர்களுக்கான 1955ஆம் ஆண்டுச் சட்டம், இதழியலை முதன்மைத் தொழிலாகக் கொண்டவரையே இதழாளர் என வரையறுத்தது. கடை நடத்திக்கொண்டோ வேளாண்மை செய்துகொண்டோ செய்தி அனுப்புபவர் அவ்வரையறைக்கு வெளியே நின்றார்.

ஆற்றில் இரவில் மணல் அள்ளப்படுவதை அவர் எழுதுகிறார் என்று கொள்வோம். தலைநகரில் இருந்து வரும் செய்தியாளர் எழுதிவிட்டு ஊர் திரும்பிவிடுவார். இவரோ மறுநாள் காலை, தாம் யாரைப் பற்றி எழுதினாரோ அவர் அமர்ந்திருக்கும் அதே தேநீர்க் கடையைக் கடந்து செல்ல வேண்டும். இவர் பிள்ளைகள் படிக்கும் பள்ளியும் அவருக்குத் தெரியும். செய்தியின் தலைப்பில் ‘நமது நிருபர்’ என்றே அச்சாகியிருக்கும். அது நாட்டுக்கு அவரை மறைக்கும், ஊருக்கு மறைக்காது. அவர் தாக்கப்பட்டால், அந்த ‘நமது’ என்னும் சொல்லுக்கு இதழ் நிர்வாகம் எவ்வளவு பொருள் தருகிறது என்பது அன்றுதான் தெரியவரும். வழக்கறிஞரை அமர்த்துகிறதா, மருத்துவச் செலவை ஏற்கிறதா, அவர் விட்ட செய்தியை வேறொருவரைக் கொண்டு தொடர்ந்து எழுதுகிறதா என்று அவர் குடும்பம் பார்த்திருக்கும்.

கற்பவை கற்றபின்

உங்கள் பகுதியில் விற்பனையாகும் மூன்று நாளிதழ்களின் கடைசிப் பக்க வரியைப் படித்து, அதிலுள்ள பொறுப்புகளைக் குறித்து வருக. அவற்றில் ஒரு நாள் வெளியான உள்ளூர்ச் செய்திகளுள் எத்தனையில் எழுதியவர் பெயர் உள்ளது எனக் கணக்கிட்டு வகுப்பில் கலந்துரையாடுக.