தகரம் ஒட்டும் நிலைமாற்றி

1990க்குப் பின் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை, பற்றறிக்கும் தடை. சைக்கிளைக் கவிழ்த்துவைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோ தந்த கரண்டில் சனங்கள் செய்தி கேட்டார்கள். டைனமோவின் வயிற்றில் இருப்பது காந்தமும் செப்புக் கம்பிச் சுருளும். நிலைமாற்றி அதற்கு உறவுதான். சுழலும் பாகம் மட்டும் இல்லை.

2006இல் சம்பூரை விட்டு ஓடி, கிளிவெட்டி, பட்டித்திடல் முகாம்களில் வருடக்கணக்காய் இருந்தவர்களுக்கு ஒரு தகர வாளியின் பெறுமதி தெரியும். காது கழன்ற வாளியை ஒட்ட, பழைய மைக்ரோவேவ் அடுப்பின் நிலைமாற்றி போதும்.

கணக்கு இதுதான். முதற்சுருளில் 230 வோல்ற், 5 அம்பியர் என்றால் 1150 உவாற்று. துணைச்சுருளில் 2 வோல்ற் மட்டும் எடுத்தால், 1150ஐ 2ஆல் வகுக்க 575 அம்பியர். வெப்பமாய்ப் போவதைக் கழித்தாலும் மெல்லிய தகரம் உருக அது போதும்.

மெல்லிய கம்பி சுற்றிய துணைச்சுருளை வாளால் அறுத்து எடுங்கள். முதற்சுருளில் ஒரு கீறலும் படக்கூடாது. இரு சுருளுக்கும் இடையிலுள்ள சிறு இரும்புத் துண்டுகளையும் தட்டி எடுங்கள்; அவை ஓட்டத்தைக் கட்டுப்படுத்த வைத்தவை. அந்த இடைவெளியில் நுழையக்கூடிய மிகத் தடித்த வெல்டிங் கேபிளை இரண்டு சுற்றுச் சுற்றுங்கள். முனைகளில் செப்புக் கூர் பூட்டி, இரும்புக் கருவுக்கு எர்த் கொடுங்கள். ஒட்டும்போது ஒன்றிரண்டு செக்கன் மட்டும் அழுத்தி, ஆறவிடுங்கள். நாகம் பூசிய தகரத்தின் புகை நெஞ்சுக்குக் கூடாது. வெளியில் வைத்துச் செய்யுங்கள்.

இனிச் சொல்வதை இரண்டு தரம் வாசியுங்கள். பழைய துணைச்சுருள் ஏறக்குறைய 2000 வோல்ற் தரும். அதை அறுக்குமுன் பிளக்கில் போட்டுப் பார்க்கவே வேண்டாம். "ட்றிப் சுவிச் இருக்கிறது தானே" என்று தம்பிமார் சொல்வதுண்டு. அது காப்பாற்றாது. துணைச்சுருளில் கைபட்டால் அந்த ஓட்டம் நிலைமாற்றிக்கே திரும்பும். ட்றிப் சுவிச்சுக்கு அது தெரியவராது. அமெரிக்காவில் இதே சுருளால் மரப்பலகையில் கோலம் எரிக்கப்போய்ப் பலர் செத்திருக்கிறார்கள். அடுப்பின் கொள்ளளவியும் பிளக்கைக் கழற்றிய பிறகும் மின்னேற்றம் வைத்திருக்கும். ஆகையால் அடுப்பைத் திறந்து கழற்றும் வேலையை மட்டும், காசு கொடுத்தாவது, தொழில் தெரிந்தவரிடம் விடுங்கள்.

ஒழுகும் வாளியின் அடியை இது அடைக்காது. அதற்கு ஈயம் பற்றவைக்க வேண்டும். தகரம் ஒரு மில்லிமீற்றருக்கு மேல் தடித்தால் ஒட்டு நிற்பது சந்தேகம். மண்வெட்டியை வெல்டிங் கடைக்கே கொண்டுபோங்கள்.